அக்கா பேசாமல் இருந்த வருடங்கள்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்புறச் சந்தில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, மேற்கு மாம்பலத்தில் ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போனார். என்னை மட்டும் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தார்.

வாரப் பத்திரிகைத் தொடர்கதை என்றால் அக்காவுக்கு உயிர். பக்கங்களைக் கிழித்து வரிசையாக அடுக்கி, ஜாக்கெட் தைக்கும் நூலாலேயே தைத்துப் புத்தகமாக்கி வைப்பார். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர், என் மகள் பிறந்ததும் கே.கே. நகரில் எங்களோடு வந்து தங்கினார். கடைக்குப் போகும்போதெல்லாம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெயர்ப் பலகைகளைப் படித்துக் காட்டுவார். மூன்று வயதிலேயே அவளுக்குப் பாதி எழுத்து தெரியும்.

பள்ளியில் சேர்க்க அழைத்துப் போனோம். படத்தைக் காட்டி என்னவென்று கேட்டதற்குக் குழந்தை “கத்திரிக்கா” என்றாள். வீட்டில் இங்கிலீஷிலேயே பேசுங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் கோபத்தில், “இனிமே அவகிட்ட தமிழ்ல பேசாதக்கா” என்றேன்.

“இன்னா நைனா, நான் பேசினா கொயந்தைக்கு இங்கிலீசு வராதா?”

“வராது.”

அன்றோடு அக்கா நிறுத்திக்கொண்டார். கதை கேட்டு வந்தால் கன்னத்தைத் தட்டி அனுப்பிவிடுவார். ஒருநாள், “கம், ஈட்டிங்” என்று அவளைச் சாப்பிடக் கூப்பிட்டார். குழந்தை சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அதுவும் இல்லை.

மகள் அலமாரி நிறைய இங்கிலீஷ் புத்தகங்கள் படித்தாள். தமிழ் போரடிக்கிறது என்றாள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

கடைசி மாதத்தில் அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது. தலைமாட்டில் கிடந்த பத்திரிகையை மகளிடம் நீட்டி, “ஒரு பக்கம் படி கண்ணு” என்றார். பதினைந்து வயதுப் பெண், எழுத்துக் கூட்டி இரண்டு வரி படித்தாள். அதற்கு மேல் முடியாமல் அழுதுவிட்டாள்.

“வுடு கண்ணு, உனுக்கு வர்றதப் படி. நான் கேட்டுக்கினு கீறேன்.”

அவள் தன் இங்கிலீஷ் நாவலை எடுத்துவந்து படித்தாள். ஒரு வார்த்தையும் புரியாமல், கண்ணை மூடிக்கொண்டு அக்கா முழுவதையும் கேட்டார்.

வேலை முடிந்து பஸ் ஏறி வந்து, முறைபோட்டு அக்காவைக் கவனித்துக்கொண்ட தையல் கடைப் பெண்களுக்கும், வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டருக்கும், இறுதிவரை துணைநின்ற அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இந்தக் கட்டுரையை என் மகளுக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டும். அத்தை இயல்பிலேயே அதிகம் பேசாதவர் என்றுதான் அவள் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.