உப்புப் பார்க்க ஆளில்லாத ஊர்

விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் மாறாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் ஸ்டேஷன் வாசலைத் தாண்டி ஊருக்குள் வந்து பார்த்த ஆளையும் அப்படித்தான் தேட வேண்டியிருக்கிறது. டீ குடிப்பார்கள், பாட்டிலில் தண்ணீர் பிடிப்பார்கள், அடுத்த வண்டி வந்ததும் ஏறிப் போய்விடுவார்கள். மோகனப்பிரியாவுக்கு இது சின்ன வயதிலிருந்தே பொறுக்காது.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், வண்டியைத் தவறவிட்ட ஒரு குடும்பம் ஸ்டேஷன் வாசலில் நின்று, இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று ஆட்டோக்காரரிடம் கேட்டது. "ஒண்ணுமில்லீங்க" என்றார் அந்தப் புண்ணியவான். பீங்கான் கம்பெனியில் வேலை முடிந்து அந்த வழியாக வந்த பிரியாவுக்குச் சுருக்கென்றது. நேராக அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

"ஏன் ஒண்ணுமில்ல? அடுத்த வண்டிக்கு நாலு மணி நேரம் கெடக்குது. என்கூட வாங்க, நான் காட்டறேன்" என்றாள்.

அப்படித் தொடங்கியதுதான் அவளுடைய நடை. கரண்ட் கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் இன்சுலேட்டர்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துப் பெட்டியில் அடுக்குவது அவள் வேலை. படித்தது வரலாறு. வரலாறு சோறு போடாது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். சரிதான் என்று பீங்கானுக்கு வந்துவிட்டாள். ஆனால் லீவு நாளில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாக நடக்க ஆரம்பித்த பிறகு, அவள் பேச்சைக் கேட்டவர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். வெறும் வரலாறு பேசினால் மூன்றாவது தெருவிலேயே ஜனங்கள் கொட்டாவி விடுகிறார்கள் என்பதையும் சீக்கிரமே கண்டுகொண்டாள். அதனால் மீனைச் சேர்த்தாள்.

கடலுக்கும் விருத்தாசலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கடலூர்த் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் போகிற மீன், ஐஸ் பெட்டியில் ஏறி ஏழு மணிக்குள் இங்கே மார்க்கெட்டில் வந்து இறங்கிவிடும். இன்னும் கடலையே பார்க்காதவர்கள்கூட இந்த ஊரில் சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, நேற்றுப் பிடித்ததா இன்று பிடித்ததா என்று சொல்லிவிடுவார்கள். பிரியாவின் நடையில் ஒரு தெருவுக்கு ஒரு கதை, ரெண்டு கதைக்கு ஒரு மீன். தங்கதுரை மெஸ்ஸில் சுறாப்புட்டு, மார்க்கெட் முனையில் நெத்திலி வறுவல் என்று ஜோராகப் போய்க்கொண்டிருந்தது.

இது எப்படியோ சென்னையில் ஒரு சுற்றுலா ஆபீஸ் காதுக்கு எட்டியது. மாசி மாதம் ஒரு சனிக்கிழமை ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஆள் வருவார், அவருக்குப் பிடித்திருந்தால் உங்கள் ஊரை எங்கள் பட்டியலில் சேர்ப்போம், இல்லாவிட்டால் இல்லை என்றார்கள். அதாவது ரயில் மாறுவதற்காக இல்லாமல், விருத்தாசலத்தைப் பார்ப்பதற்காகவே ஆட்கள் வந்து இறங்குவார்கள். பிரியாவுக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனியில் என்றைக்கு லீவு கிடைக்கும் என்று மட்டும் பார்த்து, அன்றைக்கே தேதியைக் கொடுத்துவிட்டாள்.

ஊர் வரலாறு பேசுகிறவள் ஊர்க் காலண்டரைப் பார்க்கவில்லை. அதுதான் கூத்து.

அந்தச் சனிக்கு ரெண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, பழமலைநாதர் கோயிலில் மாசி மகத்துக்குக் கொடி ஏறியது. கொடி ஏறிவிட்டால் தேர் ஓடித் திருவிழா முடிகிறவரை அந்தப் பக்கத்துத் தெருக்களில் கவுச்சி கிடையாது. அவள் வீட்டிலும் கிடையாது, அவளும் தொடமாட்டாள். விஷயம் உறைத்ததும் தங்கதுரை மெஸ்ஸுக்கு ஓடினாள்.

"பத்து நாளைக்கு இங்க சாம்பாருதாம்மா" என்றார் தங்கதுரை. "கொடி ஏறினப்புறம் எங்கப்பா காலத்துலேர்ந்து மீன் சட்டி அடுப்பேறுனதில்ல. வரலாறு படிச்ச பொண்ணு, நாள் பாத்துக் குடுக்க மாட்டியா?"

வாங்கிக் கட்டிக்கொண்டு, சென்னைக்குப் போன் போட்டாள். வர இருந்தவர் பெயர் கார்முகில். எதிலும் குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனிதர். அந்தச் சனிக்கிழமையை விட்டால் இந்த வருடம் முடியாது என்று மரியாதையாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அடுத்து அவள் போய் நின்ற இடம் பள்ளிவாசல் தெருவில் அஜீஸா வீடு. அஜீஸாவின் மகள் ஷமீனாவும் பிரியாவும் ஒன்றாகக் கல்லூரிக்குப் போனவர்கள். ஷமீனா கல்யாணமாகித் திருச்சிக்குப் போய்விட்டாள். அஜீஸாவின் புருஷன் முகம்மது இஸ்மாயில் சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கிறார். அந்தத் தெருவில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் மீன் ஆக்க அஜீஸாவைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல். ரமலான் பிறை பார்த்து ரெண்டு நாள் ஆகியிருந்தது.

"நோன்பு வச்சிருக்கறவங்ககிட்ட மீன் ஆக்கித் தாங்கன்னு கேக்கவே வெக்கமா இருக்குதும்மா" என்றாள் பிரியா.

"இதுல என்ன வெக்கம்? நோன்பு எனக்கு. வர்றவங்களுக்கா?" என்றார் அஜீஸா. "பொழுது சாயற மக்ரிப் தொழுகைக்கு முன்னாடி சுடச்சுட எறக்கிடறேன். போயி மீன வாங்கியா."

சனிக்கிழமை காலையில் மார்க்கெட்டில் மீன்காரி ஆண்டாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கொடி ஏறி மூணு நாளு ஆவுது, உன் வூட்ல யாரு வஞ்சிரம் சாப்புடப்போறாங்க?" என்று சிரித்தபடி, வஞ்சிரத்தைத் துண்டு போட்டு, இறாலையும் சங்கராவையும் அளந்து கொடுத்தாள்.

மதியம் கழித்து அஜீஸாவின் அடுப்படி வாசலில் பிரியா நின்றுகொண்டிருந்தாள். இறால் தொக்கு சுண்டிக்கொண்டிருந்தது. வஞ்சிரம் மசாலாவில் ஊறியது. சங்கரா குழம்புக்கு மாங்காய் நறுக்கியாகிவிட்டது. அப்போதுதான் அஜீஸா கரண்டியைப் பிடித்தபடி திரும்பினார்.

"உப்புப் பாக்க ஆளு?"

ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நோன்பாளி சமைக்கும்போது நுனி நாக்கில் வைத்துத் துப்பிவிட்டால் குற்றமில்லை என்று சொல்வார்கள். அஜீஸாவுக்கு அதற்கு மனசு வராது. கோயிலில் கொடி ஏறியதால் பிரியாவுக்கும் வாய் கட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு நர்சம்மாவைக் கூப்பிடலாமா என்று ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது. பிரியா ஓடிப்போய்க் கேட்டாள். நர்சம்மா கதவிலேயே நின்று, "தவக்காலம் ஆரம்பிச்சுடுச்சேம்மா. ஈஸ்டர் வரைக்கும் நான் கவுச்சி தொடறதில்ல" என்றார்.

பிரியா திரும்பி வரும்போது நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டாள். மீன் தலையைக்கூட விட்டுவைக்காத ஊர். மூன்று சாமிக்காக, மூன்று விதமாக, ஒரே வாரத்தில் வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. யாரும் யாரிடமும் கலந்து பேசிக்கொள்ளவில்லை. யாரும் இதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. இத்தனை வருடம் கோபுரத்தையும் கல்வெட்டையும் காட்டினோமே, இதைக் காட்டவில்லையே என்று அவளுக்கு உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது.

உள்ளே போய் விஷயத்தைச் சொன்னாள். அஜீஸா சட்டியைத் திறந்து ஒரு கிண்டு கிண்டினார். "சரி வுடு, கை சொல்லும்" என்று அடுப்புப் பக்கம் திரும்பினார். அந்த நேரம் பார்த்து அசருக்குப் பாங்கு சொன்னது. அடுப்பைக் குறைத்துவிட்டுத் தொழுகைக்குப் போனார். பிரியா ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள்.

கார்முகில் ஒல்லியான ஆள். கையில் ஒரு நோட்டு. அவரோடு வந்த ஏழு பேரும் வெயிலுக்குத் தொப்பி போட்டிருந்தார்கள். முதலில் தன் கம்பெனிக்குத்தான் கூட்டிப்போனாள் பிரியா. சூளையின் பார்வைத் துளை வழியே ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். உள்ளே வரிசை வரிசையாக இன்சுலேட்டர்கள் கனன்று நின்றன. நம் வீட்டில் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறதே, அந்தக் கரண்டு கம்பத்தில் இறங்கி ஆளைக் கொல்லாமல் பிடித்து வைத்திருப்பது இந்த மண்தான் என்றாள். தொப்பிக்காரர்களில் ஒருவர் ரெண்டாவது தடவையும் குனிந்து பார்த்தார். கார்முகில் நோட்டில் ஏதோ எழுதினார்.

கோயிலுக்கு வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. வன்னி மரத்தடியில் நிறுத்தி, கோயில் கட்டிய கதையைச் சொன்னாள். வேலை செய்தவர்களுக்கு அன்றன்றைக்கு இந்த மரத்து இலையைத்தான் கூலியாகக் கொடுத்தார்களாம். கையில் வாங்கிக்கொண்டு போனால், அவரவர் செய்த வேலைக்குத் தக்கபடி இலை பொன்னாக மாறிவிடுமாம்.

"வேலை செய்யாம ஏமாத்தினவனுக்கு?" என்று கேட்டார் கார்முகில்.

"எலையாவே இருக்குங்க. வூட்ல போயி என்ன பதில் சொன்னானோ" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"மீன் எப்போ வருது? ரெண்டு மணி நேரமா நடக்கறோம்" என்றார்.

இனி மறைக்க முடியாது. பிரியா கொடிமரத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். நாள் பார்க்காமல் தேதி கொடுத்தது, மெஸ்ஸில் சாம்பார், தவக்காலத்து நர்சம்மா, ஒன்று விடாமல் சொன்னாள். "இன்னிக்கு நீங்க சாப்பிடப்போற மீன, உங்ககூட ஒக்காந்து சாப்பிட இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்லீங்க. உப்புப் பாக்கக்கூட ஆளு கெடைக்கல. என் தப்புதான்."

"அப்போ சமைக்கறவங்க?" என்று கேட்டார் வந்தவர்களில் வயதான ஓர் அம்மாள்.

"அவங்களுக்கு நோன்புங்க. விடியக்காலம் அஞ்சு மணிக்குக் குடிச்ச தண்ணிதான்."

கார்முகில் நோட்டை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அத்தோடு காரியம் கெட்டது என்றே பிரியா நினைத்தாள்.

அஜீஸா வீட்டில் கூடத்தில் பாய் விரித்து, தட்டு வைத்து, சோறு, குழம்பு, தொக்கு, வறுவல் எல்லாம் பரிமாறித் தயாராக இருந்தது. வாசனை தெருமுனை வரைக்கும் வந்திருந்தது. பாங்குக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அஜீஸா ஓரமாக நின்று, "சாப்பிடுங்க, ஆறிப்போவுது. ஏழே முக்கால் வண்டிக்கு வேற போவணும்னு சொன்னாங்களே" என்றார்.

யாரும் கை வைக்கவில்லை. யாரும் அவர்களிடம் காத்திருக்கச் சொல்லவும் இல்லை. எட்டுப் பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஆவி பறக்கும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ரெண்டு மணி நேரத்துக்கு மேல் நடந்த பசி முகத்தில் தெரிந்தது. அஜீஸா இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாள் மட்டும், "இருக்கட்டும்மா" என்றார். வறுவலின் ஆவி அடங்கியது. பிரியா சுவரில் சாய்ந்து நின்றாள்.

பாங்கு சொன்னது. அஜீஸா ஒரு பேரீச்சம்பழத்தைக் கடித்து, ஒரு வாய் தண்ணீர் குடித்தார். அதைப் பார்த்த பிறகுதான் அத்தனை கைகளும் தட்டுக்குப் போயின.

சாப்பிட்டார்கள். ஆனால் ஒரு சத்தம் இல்லை. வழக்கமாக முதல் வாயிலேயே ஆகா என்பார்கள், போட்டோ எடுப்பார்கள். இவர்கள் குழம்பை ஊற்றிப் பிசைந்தார்கள், ஒரு நொடி நிதானித்தார்கள், தின்றார்கள். மறுபடியும் ஊற்றினால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கார்முகில் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டுத் தட்டைக் காலி செய்தார். பிரியா அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோனாள். ஊர்ப் பெயர் பட்டியலில் ஏறாது, இனி யாரும் வரமாட்டார்கள், நம் கையாலேயே கெடுத்தோம் என்று முடிவு கட்டிவிட்டாள்.

எல்லோரும் கை கழுவின பிறகு, அஜீஸா தொழுதுவிட்டு வந்து தனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டார். குழம்பை ஊற்றி ஒரு வாய் வைத்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

"பிரியா. கொழம்புல உப்பே இல்ல."

"கம்மியாம்மா?"

"கம்மி இல்லடி. ஒரு கல்லு உப்பு வுழல. தொழுவப் போனேன் பாரு, வந்து போட்டுட்டதா நெனச்சு மூடிட்டேன்." அஜீஸா எழுந்து கூடத்துக்கு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. "ஏங்க, ரெண்டு தரம் ஊத்தினேனே. ஒருத்தர்கூடச் சொல்லலியேங்க. உப்பக் கேட்டிருந்தா ஓடியாந்து போட்டிருப்பேனே."

குறை சொல்வதற்கென்றே வந்த கார்முகில்தான் கடைசியில் வாயைத் திறந்தார். "காலையிலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படாம அடுப்புல நின்னு எங்களுக்கு ஆக்கியிருக்கீங்க. உங்ககிட்ட உப்பு பத்தலன்னு சொல்ல எனக்கு வாய் வரலம்மா."

அஜீஸா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பரபரவென்று உள்ளே போய், சட்டியை அடுப்பில் ஏற்றி, ஒரு கை கல்லுப்பை எடுத்துப் போட்டு, கொதி வரும்வரை கிண்டினார். "யாரும் போவக்கூடாது. என் கையால உப்பில்லாததச் சாப்பிட்டுட்டுப் போனாங்கன்னு இருக்கக்கூடாது. எல்லாரும் ஒக்காருங்க" என்று அங்கிருந்தே சொன்னார்.

எட்டுப் பேரும் மறுபடியும் பாயில் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை முதல் வாயிலேயே அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். தொப்பிக்காரர் ஒருவர் மாங்காய்த் துண்டுக்காகச் சட்டியை எட்டிப் பார்த்தார். அஜீஸா தன் தட்டோடு அவர்கள் நடுவில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். ஒருவர் குழம்பு கேட்க, ஒருவர் வஞ்சிரத்தின் நடுத்துண்டைக் கேட்க, பிரியா ஒரு வாயும் தின்னாமலேயே வயிறு நிறைந்து பரிமாறிக்கொண்டிருந்தாள். ஸ்டேஷன் பக்கமிருந்து ஒரு வண்டி ஊதிவிட்டுப் போனது.

கொஞ்ச நேரத்தில் கார்முகிலின் போன் அடித்தது. குழம்புக் கையோடு இடது கையால் எடுத்துக் காதில் வைத்தார்.

"ஆமா சார், விருத்தாசலம், பட்டியல்ல எழுதிக்குங்க. இல்ல சார், ராத்திரி வரல. ரயிலு சரியான நேரத்துக்குத்தான் போச்சு. நாங்கதான் எந்திரிக்கல."