ரெவினியூ துரை

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் ராமருக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத் தெரியும். அதுதான் அவரைக் கெடுத்தது.

1957இல் பக்ருதீனின் பழைய சாமான் கடையில் சாயத்தில் வரைந்த ஒரு வெள்ளைக்காரர் படம் கிடைத்தது. கறுப்பு அங்கி, கழுத்தில் இரண்டு வெள்ளைப் பட்டி, தலையில் சுருட்டை டோப்பா. கீழே இங்கிலீஷில் ‘ரெவ்.’ என்று புள்ளி வைத்து ஒரு பெயர், 1768 என்று வருஷம். ராமர் எழுதும் மனுக்களில் ‘ரெவ்.’ என்றால் ரெவினியூ. வேறு ‘ரெவ்.’ அவருக்குத் தெரியாது.

“ரெவினியூ துரை இவரு, அப்பு” என்றார் ராமர்.

“படிச்சவுக சொன்னா சரிதான்” என்றார் பக்ருதீன். அது ரெவரெண்டு, பாதிரியார் என்பது அவருக்குத் தெரியும். டீக்கடையில் கூடும் எங்களிடம் மட்டும் சொன்னார்.

மூன்று வருஷம் அதை வைத்துச் சிரித்தோம். ராமர் வீட்டுக்கு எதிரேதான் அந்த டீக்கடை. அவர் வந்தால் நான் துரை குரலில் மூக்கால் பேசுவேன்: “ராமர், பட்டா மாறிச்சா மேன்?”

அவர் பூரித்துப்போவார். “எங்க முப்பாட்டன் இவருகிட்ட மணியம் பாத்தவருலே.”

மகள் ராமுத்தாய்க்கு இருபத்தாறு வயது. இரண்டு இடம் தட்டிப்போய், மூன்றாவதாக ஒட்டன்சத்திரத்திலிருந்து பார்க்க வந்தார்கள். ராமர் வீட்டில் மாட்டியிருந்த துரை படத்துக்கு மாலை போட்டிருந்தார். மாப்பிள்ளையின் மாமா நாச்சிமுத்து வெற்றிலை வாங்க டீக்கடைக்கு வந்தார்.

“ஏனுங்க தம்பி, அந்தப் படத்துல இருக்கறவரு யாருங்க?”

ரெவினியூ என்று சொல்லியிருக்கலாம். நான் கையை உயர்த்தி, குரலை இழுத்தேன். “பிரியமானவர்களே, பிரசங்கம் பண்ண வந்த பாதிரியாருங்க.”

கடையே சிரித்தது. நாச்சிமுத்து சிரிக்கவில்லை. “அப்ப இவங்க கிறிஸ்தவ வேதத்துல சேந்தவங்களா? மாலையெல்லாம் போட்டிருக்குதுங்களே.”

காபியைத் தொடாமல் வண்டி ஏறினார்கள். ராமர் படத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார். “நாங்க வேதக்காரவுக இல்லீங்க, பாருங்க” என்று துரை நெற்றியில் மூன்று விரலால் திருநீறு இழுத்தார். வண்டி நிற்கவில்லை.

மறுநாள் சர்ச்சிலிருந்து ஒருவர் வந்தார். “எங்க பாதிரியாருக்கு யாருய்யா பட்டை போட்டது?”

ராமர் பயந்துபோய் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தார். திருநீற்றோடு மூஞ்சியும் வந்துவிட்டது.

ராமுத்தாய் வாசலில் நின்று பார்த்தாள். “கழுத்துப்பட்டியும் எழுத்தும் அப்பிடியேதான் இருக்குப்பா. அடுத்து வாரவுககிட்ட ரெவினியூன்னே சொல்லிக்கலாம்.”

அடுத்து யாரும் வரவில்லை. டீக்கடையில் இப்போது துரை குரலைக் கேட்பதில்லை, ராமுத்தாய் அன்று சொன்னதை அவள் குரலில் சொல்லச் சொல்கிறார்கள். சொல்கிறேன். நன்றாகவே சிரிக்கிறார்கள்.