அவர் வாய்க்கு நான் வைத்த நேர்த்தி

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் இருக்கும். ஒஸ்லோவில் என் கணவரின் வயிற்றிலிருந்து சதைத்துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வர இரண்டு கிழமையாகுமாம். நகரின் ஓரம் புருசெத்தில் இருந்த எங்கள் வீட்டில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவர் போர்த்துக்கலுக்கு டிக்கெட் போட்டார்.

போர்த்தோ நகரில் முதலில் ஒரு பழைய தேவாலயத்துக்குப் போனோம். தூண், கூரை எல்லாம் பொன் பூசிய மரச்சிற்பம். அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க, நான் மாதாவைத் தேடிப் போனேன். நாங்கள் சைவக்காரர்தான். ஆனால் மாதாவைக் கண்டால் எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கை சும்மா இராது. அங்கே மெழுகுதிரி கொளுத்த விடவில்லை. காசு போட்டால் குட்டி மின்குமிழ் எரிகிற பெட்டிதான் இருந்தது. இதுவும் ஒரு விளக்கா என்று எரிச்சல் வந்தது. இது போதாதென்று பட, ஒரு நேர்த்தியும் சேர்த்து வைத்தேன். இன்றிலிருந்து இவர் ஒரு சொட்டும் தொடமாட்டார், முடிவை மட்டும் நல்லதாகக் கொடு தாயே. அவர் ஒன்றும் குடிகாரரில்லை. சனிக்கிழமைகளில் ஒரு கிளாஸ், அவ்வளவுதான்.

அடுத்ததாக ஆற்றுக்கு அக்கரையில், பிராந்தி சேர்த்து வீரியமேற்றிய வைனை வைத்திருக்கும் நிலவறைக்குப் போனோம். கறுத்த பீப்பாய்களைச் சுற்றிக் காட்டிய பெண் கடைசியில் ஆளுக்கொரு சின்னக் கிளாஸ் தந்தாள். அவர் உதட்டருகே கொண்டுபோகக் கையைப் பிடித்தேன்.

“இஞ்சேருங்கோ, குடியாதேங்கோ. மாதாவுக்கு நேர்த்தி வைச்சிட்டன்.”

“என்ரை வாய்க்கு நீர் எப்பிடியப்பா நேர்த்தி வைப்பீர்?” என்று சிரித்தார். “எவ்வளவு காலத்துக்கு?”

“ஆயுசுக்கும்.”

மணந்து பார்த்துவிட்டுக் கிளாஸை வைத்தார். “அப்ப மகளின்ரை கலியாணத்துக்கு வாங்குவம். மாப்பிள்ளை குடிக்கட்டும்” என்று ஒரு போத்தல் வாங்கினார்.

முடிவு கெட்டதாகத்தான் வந்தது. நேர்த்தி போனால் போகட்டும், குடியுங்கோ என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவரைக் கைவிட்டதுபோல ஆகிவிடும் என்று பயந்தேன். அவரும் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் மூன்று கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி குடித்தார். அந்த ஆயுசு தை மாதம் வரைதான் இருந்தது.

எட்டாம் நாள் எட்டுச்செலவன்று, செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். குடித்தவரென்றால் அதுவும் வைப்போம்.

“அம்மா, இதையும் வைப்பம்” என்று மகள் அந்தப் போத்தலைக் கொண்டுவந்தாள். நான்தான் திறந்து ஒரு கிளாஸில் ஊற்றி அவர் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

சனங்கள் போனபிறகு படையலை எடுக்கையில் அந்தக் கிளாஸில் வாய் வைத்தேன். நான் குடிவகையை ருசி பார்த்தது அதுதான் முதல் முறை. கசக்கும், தொண்டையை எரிக்கும் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். சீனிப்பாணி மாதிரி இனித்தது. அவருக்கு எவ்வளவு பிடித்திருக்கும்.