கடைசி மேசைக் காது

நான் ஒரு சந்தேகப் பிராணி. கல்யாணமான முதல் வாரமே, பால் பாக்கெட்டை நான் அழுத்திப் பார்த்த விதத்திலிருந்து என் கணவர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். சின்னதாக, கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு கிட்டார் ஆம்ப் வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தபோது அந்தக் குணம் முழு வேகத்தில் கிளம்பிவிட்டது.

ஆம்ப் என்பது ஆம்ப்ளிஃபயர். கிட்டாரின் மெல்லிய சத்தத்தை வாங்கிப் பெரிதாக்கித் தருகிற பெட்டி. ராக் வாசிப்பவர்களுக்கு அது உறும வேண்டும், சத்தம் உடைந்து பொரிய வேண்டும். நான் வாசிப்பது ஜாஸ். எனக்குப் பெட்டி தன் பங்குக்கு எதையும் சேர்க்கக் கூடாது. நாலு சுரங்களை ஒன்றாக மீட்டினால் நாலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஆனால் ஒன்றும் காதைக் குத்தக் கூடாது. சொல்வதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. கடைக்குப் போனால்தான் தெரியும்.

வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவள் நான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, மத்தியானம் ஃப்ரேசர் டவுன் பக்கம் ஒரு காபிக் கடையில் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து வாசிக்கிறேன். என் பழைய ஆம்ப் ஒரு சின்ன பீரோ கனம் இருக்கும். இத்தனை வருஷமும் அதைத் தூக்கியவர் கணவர்தான். போன மழைக்காலத்தில் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. இனி கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே ஸ்கூட்டரில் காலடியில் வைத்துக்கொண்டு போகிற அளவில் ஒன்று தேவைப்பட்டது.

முதலில் இணையத்தில் பார்த்தேன். வீடியோ போடுகிற ஒவ்வொருவரும் இதைப் போல ஒன்று உண்டா என்கிறார்கள். கடைசியில், பெட்டியைக் கம்பெனிதான் அனுப்பியது, ஆனாலும் இது என் சொந்தக் கருத்து என்று ஒரு வரி சேர்த்துக்கொள்கிறார்கள். கம்பெனி சும்மா அனுப்பிய பெட்டியைப் பற்றி யாருக்குச் சொந்தக் கருத்து வரும்? அதோடு, நான் கேட்பது அந்த ஆம்பையா, அவர்கள் மைக்கையா, என் போனையா? மூடிவைத்துவிட்டேன்.

ஆம்ப் விஷயத்தில் நான் நம்பியது ஒரே ஒரு காதைத்தான். என் கணவரின் காது. வாசிப்பவள் ஆம்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அறையின் கடைசியில் என்ன போய்ச் சேர்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அதனால் அவர் எப்போதும் கடைசி மேசையில் உட்காருவார். எங்களுக்குள் சைகை உண்டு. உள்ளங்கை தாழ்ந்தால் குறை. உயர்ந்தால் கூட்டு. மூக்கைச் சொறிந்தால் ட்ரெபிள் குத்துகிறது, அதாவது மேல்சத்தம் கூர்மையாக இருக்கிறது என்று அர்த்தம். அவருக்கு இசைப் படிப்பெல்லாம் கிடையாது. பொம்மனஹள்ளியில் ஒரு தொழிற்சாலையில், தகடுகளை அடித்து வளைக்கிற பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் இரக்கமே இல்லாமல் குறை சொல்வார். வீட்டுக்கு வந்ததும், "இன்னிக்கு ஏம்மா தகரத்தைச் சுரண்டின மாதிரி இருந்துச்சு?" என்பார். எனக்குச் சுருக்கென்று இருக்கும். அடுத்த வாரம் திருத்திக்கொள்வேன்.

அந்த மனிதர் ஒரு வருஷமாக மூக்கையே சொறியவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டால், "நல்லா இருந்துச்சும்மா." எந்த வாரம் கேட்டாலும் இதே பதில். கடைசி மேசையை விட்டு முதல் மேசைக்கு வேறு வந்துவிட்டார். ஏன் என்று கேட்டால் பின்னால் கும்பல் ஜாஸ்தி என்றார். எனக்கு விரலில் வலி ஆரம்பித்திருந்த சமயம் அது. வயதாகிவிட்டது, வாசிப்பு போய்விட்டது, பாவம் எதற்கு மனசை நோகடிப்பது என்று சும்மா புகழ்கிறாரோ என்று தோன்றியது. தோன்றிய பிறகு அது போகவே இல்லை. எனக்கு உண்மை சொல்ல உலகத்தில் இருந்தது அவர் ஒருவர்தான். அவரும் பரிதாபப்பட ஆரம்பித்திருந்தால், ஆம்ப் எதற்கு, வாசிப்பே எதற்கு? உறுதியாகிவிட்டால் நிறுத்திவிடுவது என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டுதான் கடைக்குக் கிளம்பினேன்.

கடை சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஒரு மாடியில். கடைக்காரர் கன்னடக்காரர், எங்களைப் பார்த்ததும் தமிழுக்கு மாறிக்கொண்டார்.

"ஒந்து நிமிஷ மேடம், பசங்களுக்கா பாக்கறீங்க?"

"எனக்குத்தான்."

அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் சிரித்தார். கடைக்காரர் உடனே ஒரு ஆம்பை எடுத்து, முதல் வேலையாக ரிவெர்ப் குமிழைத் திருப்பினார். வெறும் அறையில் வாசித்தாலும் பெரிய ஆலயத்துக்குள் வாசித்த மாதிரி எதிரொலி சேர்த்துத் தருவது ரிவெர்ப். கெட்டுப்போன மீனில் மசாலாவை அள்ளிப் போடுவது மாதிரி, எந்த மட்டமான ஆம்பையும் அது காப்பாற்றிவிடும். நான் எட்டி அதைப் பூஜ்யத்தில் வைத்தேன்.

"அது இருந்தாத்தான் மேடம் நல்லா இருக்கும்."

"அதனாலதான் வேண்டாம்."

முதல் ஆம்ப் பேட்டரியில் ஓடுவது. உள்ளங்கை அகல ஸ்பீக்கர். டிரான்சிஸ்டர் ரேடியோ மாதிரி பேசியது. நானே தள்ளிவைத்தேன். இரண்டாவதைக் கடைக்காரர் ரொம்பச் சிபாரிசு செய்தார். அதுவே போதும், எனக்கு அதன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாவது மரப்பெட்டி, கொஞ்சம் கனம், ஆனால் ஸ்கூட்டரில் வைத்துவிடலாம். இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தேன். கணவர் கடையின் கடைசியில், டிரம்கள் அடுக்கியிருந்த இடத்தில் நின்றார். ஒரு பக்கம் வேறு யாரோ டிரம்மைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது ஆம்பில், நான் கையை எடுத்த பிறகும் ஸ்ஸ் என்று ஓர் இரைச்சல் நிற்காமல் வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார், கட்டை விரலை உயர்த்தினார். மூன்றாவதுக்கும் கட்டை விரல்தான்.

"ரெண்டாவதுல இரைச்சல் இல்லையா?" என்று பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"இல்லையேம்மா. சுத்தமா இருக்கு."

"சார் சரியா சொன்னாரு," என்றார் கடைக்காரர். இரண்டு பேரும் ஒரே கட்சி. எனக்கு ஆத்திரமாக வந்தது.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாருங்க மேடம். பிடிக்கலைன்னா திங்கக்கிழமை கொண்டு வந்துடுங்க," என்றார் கடைக்காரர். இதுவும் தந்திரம்தான், ஒருமுறை மாடிப்படி இறக்கியதை எவளும் திரும்ப ஏற்ற மாட்டாள் என்ற நம்பிக்கை. இருந்தும் அந்த இரண்டாவதையே எடுத்துக்கொண்டேன். ஆம்பைச் சோதிக்க அல்ல, கணவரைச் சோதிக்க.

மறுநாள் காலை ஆம்பைக் கூடத்தில் முக்காலி மேல் வைத்தேன். அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். கிட்டாரை ஆம்பில் மாட்டவே இல்லை. ட்ரெபிளையும் வால்யூமையும் கடைசிவரை ஏற்றினேன். பாத்ரூமில் ஷவரைத் திறந்துவிட்ட மாதிரி வீடு முழுக்க இரைந்தது.

"ஏங்க, ஏதாவது சத்தம் வருதா?" என்று முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு கேட்டேன். அதுதான் பொறி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணும் வரலையே. சுத்தமா இருக்கும்மா."

பச்சைப் பொய். நான் அவருக்கு முதுகைக் காட்டி ஆம்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கோபம் வந்தால் எனக்குக் குரல் ஏறாது, இறங்கும். "வாசிக்கிறது பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிடுங்க. இன்னையோட நிறுத்திடறேன்," என்றேன்.

பதில் இல்லை. அகப்பட்டுக்கொண்டதால் பேச வாய் வரவில்லை என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பினேன். அவர் தலை குனிந்து, நிதானமாக, ஒரு பூண்டுப் பல்லின் தோலை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்ட முகம் அப்படி இருக்காது. பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னம்மா, ஏதாவது கேட்டியா?"

ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. போன் அடித்தால் என்னிடம் நீட்டிவிடுவது. டிவியில் எழுத்து ஓட விடுவது. யார் என்ன சொன்னாலும் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுவது. முதல் மேசை. பால் பாக்கெட்டைக்கூட விடாமல் சந்தேகப்பட்டவளுக்கு இது ஒன்றில் மட்டும் சந்தேகம் வரவில்லை.

ஆம்பை அணைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். "எவ்ளோ நாளா?"

உதட்டைப் பார்த்தார். புரிந்துவிட்டது. பூண்டைக் கீழே வைத்தார்.

"பிரஸ் ஷாப்புல இருக்கும்போதே ஆரம்பிச்சுடுச்சு. ரிடையர் ஆனப்புறம் ஜாஸ்தியாயிடுச்சு. பேசறது கேக்குது, வார்த்தைதான் பிரிய மாட்டேங்குது. ட்ரெபிள் குத்துதா இல்லையான்னு எனக்கே தெரியல. தப்பா கையைக் காட்டி உன்னை மாட்டிவிடக் கூடாதேன்னுதான் எல்லாத்துக்கும் நல்லா இருக்குன்னுட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வேற யாரையாவது கடைசி டேபிள்ல உக்கார வெப்பே."

எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. எது முதலில் வெளியே வரும் என்று தெரியாததால் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஆம்பைப் போட்டு, வால்யூமைக் குறைத்து, ஜாஸுக்கு எப்போதும் செய்கிற மாதிரி ட்ரெபிளை அடியோடு இறக்கினேன். இரைச்சல் நின்றது. அவரும் என் முகத்தைப் பார்க்க முடியாமல் பூண்டுத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். நான் கைக்கு வந்ததை மெதுவாக வாசித்தேன்.

அடுப்பைப் பார்த்து நின்றபடி அங்கிருந்து பேசினார்.

"பேஸ் கொழகொழன்னு இருக்கும்மா. குழைஞ்ச சாதம் மாதிரி. கீழ ரெண்டு சுரம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது."

நிறுத்தினேன். மறுபடி வாசித்தேன். அவர் சொன்னது சரி. பேஸ், அதாவது அடிச்சத்தம் வருகிற கீழ்த் தந்திகளில் இரண்டு சுரங்கள் கூழாகத்தான் வந்தன. இரைச்சலையே கவனித்துக்கொண்டிருந்த எனக்கு அது காதில் விழவில்லை.

"இதைத் திருப்பிக் குடுத்துடு," என்றார். "அந்த மரப்பெட்டியையே எடுத்துக்கோ."

பிரஸ் ஷாப் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டது மேல்சத்தத்தை மட்டும்தான். நான் குமிழைத் திருப்பி வேண்டாம் என்று தள்ளுவதும் அதையேதான். மிச்சம் முழுவதும் அவர் காதில் அப்படியே இருந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் என்னைக் குறை சொல்லியிருக்கிறார். வாசிப்பில் திட்டு வாங்கி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

திங்கட்கிழமை ஆம்பை மாடிப்படி ஏற்றினேன். கடைக்காரர் முகத்தில் ஒரு நிஜமான ஆச்சரியம் தெரிந்தது. மரப்பெட்டியை வாங்கிக்கொண்டோம்.

அதே வாரம் காது டாக்டரைப் பார்த்துவிட்டு, காதுக்கு மிஷின் வாங்கப் போனோம். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஆம்ப்தான், இன்னும் சின்னது. விற்பவர் புளூடூத் என்று ஆரம்பித்தார். நான் விடவில்லை. சும்மா இருக்கும்போது இரைகிறதா, சத்தம் கூடினால் உடைகிறதா, தன் பங்குக்கு எதையாவது சேர்க்கிறதா என்று வரிசையாகக் கேட்டேன். "மேடம் இன்ஜினியரா?" என்று அவர் கணவரிடம் கேட்டார். காதில் ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த கணவர் அதை ஒரே தடவையில் கேட்டுப் புரிந்துகொண்டு சிரித்தார். மிஷினோடு வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்ன முதல் குறை, "பேச்சுக்கு இது சரி. உன் கிட்டார்தான் தகர டப்பா மாதிரி கேக்குது."

அந்த ஞாயிற்றுக்கிழமை புது ஆம்பை ஸ்கூட்டரில் காலடியில் வைத்துக் கொண்டுபோனேன். காபிக் கடை நிறைந்திருந்தது. அவர் முதல் மேசையைத் தாண்டி நேராகக் கடைசி மேசைக்குப் போனார். உட்கார்ந்தார். இரண்டு காதிலிருந்தும் மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக் கூடம் வேறு, இது வேறு. இந்தப் பேச்சிலும் கப் சாஸர் சத்தத்திலும் அவருக்கு என்ன கேட்கும்? அன்றைக்குச் சமையலறையிலிருந்து சொன்னது நான் அழக் கூடாது என்று குருட்டாம்போக்கில் அடித்துவிட்டதாக இருந்தால்? முதல் பாட்டு முழுக்க அவர் கை மேசை மேலேயே கிடந்தது. குறை இல்லாததால் கிடக்கிறதா, கேட்காததால் கிடக்கிறதா?

இரண்டாவது பாட்டின் நடுவில், எங்களில் பேஸ் கிட்டார் வாசிப்பவர் தனியாக வாசித்துக்கொண்டிருக்கும்போது, நான் வேறெதற்கோ குனிகிற மாதிரி குனிந்து, வால்யூம் குமிழை ஒரு மயிரிழை ஏற்றினேன். பக்கத்தில் இருந்தவர்களுக்கே தெரிந்திருக்காது. அடுத்த சுரங்களை மீட்டிவிட்டு நிமிர்ந்தேன்.

கடைசி மேசையில் உள்ளங்கை ஏற்கெனவே தாழ்ந்துகொண்டிருந்தது.