நாக்குக்கு அடியில்

"நாக்கை ஒருக்கா தூக்குங்கோ அம்மா" என்று டொக்டர் பெண்பிள்ளை டோர்ச்சோடு கிட்ட வந்ததும் வாயை இறுக்கிக்கொண்டேன்.

சின்ன வயசில் எங்க தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அம்மாமார் கொழுந்தெடுத்து வரும்வரை எங்களைப் பார்த்துக்கொண்ட ஆயாவும் இப்படித்தான் கிட்ட வருவா. பால்மா வாசனை அந்தச் சுவரிலேயே ஊறியிருக்கும். "சீனியத் திருடி நாக்குக்கு அடியில வச்சிருக்கியாடி? தெற வாயை." திறந்தால், தவளை வயிறு மாதிரி நீலமாக ஒரு கொப்புளம்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா ஊசியால் குத்தினார். முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழிந்து வற்றியது. "இந்த ஐயா மேலாக்கத்தான் குத்தியிருக்காரு" என்றாள் அம்மா. தீபாவளிக்கு முன்னாலேயே திரும்ப வீங்கியது. ஆயா திரும்பவும் என்னைச் சந்தேகப்பட்டு சீனி டின்னைத் திறந்து பார்த்தா. பதுளை ஆஸ்பத்திரியில் எச்சில் ஊறுகிற சுரப்பியையே எடுத்த பிறகுதான் அது அடங்கியது.

இப்போ மறுபக்கம், கழுத்துவரை வீக்கம்.

"தண்ணிய மட்டும் உறிஞ்சிட்டு அனுப்பிடுவியாம்மா?" என்றேன்.

"ஊசி சோதிச்சுப் பாக்கத்தான் அம்மா. சுரப்பியை எடுத்தால்தான் திரும்ப வராது."

அதைக் கேட்ட பிறகுதான் திறக்க மனசு வந்தது. திறக்குமுன்னே சொல்லியும் வைத்தேன்: "உள்ள சீனி கீனி ஒண்ணும் இல்ல."