சுவரில் ஒட்டிய நூற்றைம்பத்தெட்டு

திருவிடந்தைக்குப் பக்கத்தில் கடலோரமாக உள்ள இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் எனக்கு லேப் வேலை. திருக்கழுக்குன்றத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். வேதியியலில் எம்.எஸ்சி. என்ற மண்டைக்கனம் எனக்குக் கொஞ்சம் உண்டு.

கடல்நீரில் குளோரின் போட்டுக் கிருமியைக் கொல்வோம். பிறகு தயோசல்ஃபேட் கரைசலை ஊற்றி அந்தக் குளோரினை முறிக்க வேண்டும். மிச்சமிருந்தால் குஞ்சுகள் பிழைக்காது. தினமும் கணக்குப் போடுவானேன் என்று ஒரு தாளில் பெரிதாக எழுதித் தராசுக்கு மேலே ஒட்டியிருந்தேன்: லிட்டருக்கு 158 கிராம், ஒரு மோலார். தண்ணீர் தயார் செய்யும் அக்கா அதைப் பார்த்துத்தான் எடை போடுவார். பன்னிரண்டு வருஷமாக அங்கே இருப்பவர். அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பெண்களையும் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

ஒருமுறை வழக்கமான வெள்ளைத் தயோசல்ஃபேட் தூளுக்குப் பதில் கற்கண்டு மாதிரிக் கட்டிகள் வந்தன. பெயரை மட்டும் பார்த்து வாங்கி வைத்தேன். குளோரின் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கும் சொட்டு மருந்தும் அந்த வாரம் தீர்ந்திருந்தது. அக்கா ஒரு கை தண்ணீர் அள்ளி முகர்ந்தார்.

"வாட இன்னும் கீது மேடம்."

கணக்குப்படி முறிந்திருக்கும், குஞ்சை விடுங்கள் என்றேன். மூக்கை வைத்தா சயின்ஸ் நடக்கிறது என்று கிண்டல் வேறு செய்தேன்.

மறுநாள் ஐந்து தொட்டியிலும் குஞ்சுகள் வெள்ளையாக அடியில் படிந்து கிடந்தன. காற்று மோட்டாரை ஒழுங்காக ஓடவிட்டிருந்தால் குளோரின் பறந்திருக்கும், அக்காதான் நிறுத்தியிருக்கிறார் என்று முதலாளி முடிவு கட்டினார். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று அக்கா சொன்னது எடுபடவில்லை. அன்றே அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

மத்தியானம் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்தேன். போய் அந்தக் கட்டிகள் வந்த டப்பாவின் லேபிளைப் படித்தேன். ஒரு மோலுக்கு, அதாவது 158 கிராம் தூளில் இருக்கும் அதே அளவு மருந்துக்கு, 248 கிராம். கட்டிக்குள் தண்ணீரும் சேர்ந்திருக்கிறது, அந்த எடை கூடுதல். நான் எழுதி வைத்த 158 கிராமில் மருந்து மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. காலேஜில் முதல் வருஷப் பாடம் இது.

முதலாளியிடம் போகவில்லை. பயந்தேன் என்பதுதான் உண்மை, மற்றதெல்லாம் சாக்கு. பழைய தாளைக் கிழித்துவிட்டு 248 என்று எழுதி ஒட்டினேன். மூன்று நாள் அக்கா இருந்த பக்கமே திரும்பாமல் வேலை பார்த்தேன்.

நான்காம் நாள் தன் டிபன் பாக்ஸை எடுக்க அவர் வந்தார். அலமாரியைத் திறந்தவர் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"நூத்தி அம்பத்தெட்டுதான இருந்திச்சு?"

ஆமாம் என்றேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன்.

"எங்கைல சொல்லி இன்னா பிரயோஜனம்? வா, மொதலாளியாண்ட சொல்லு."

அதுவரை என்னை ஒருமையில் கூப்பிட்டதில்லை. முன்னால் நடந்தார், பின்னாலேயே போனேன். முதலாளி முழுதும் கேட்டார். இனிமேல் லேபிளைப் பார்த்துச் செய்யம்மா என்று என்னிடம் சொன்னார். அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டாயிற்று என்று அக்காவிடம் சொன்னார்.

நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.