பொழியில் வீசிய வலை

உதியன்குளங்கரையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஸ்ரீகலாவுக்கு நெற்றியில் ஒரு தழும்பு உண்டு. கேட்பவர்களிடம் படியில் விழுந்தேன் என்பாள். ஆறு கடலில் சேரும் பொழியைப் பற்றி யாராவது வாயெடுத்தாலே பேச்சை மாற்றிவிடுவாள்.

சில மழைக்காலங்களுக்கு முன்பு, பூவாறில் பொழி உடைந்த அன்று வேடிக்கை பார்க்கப் போனவள் அவள். ஆற்றையும் கடலையும் பிரிக்கும் மணல்திட்டு அறுந்தால் நெய்யாறு பாய்கிற பாய்ச்சல் லேசுப்பட்டதா? கரையோரப் பூங்காவின் கம்பிக்கு வெளியே இறங்கி நின்றாள். காலடி மணல் சரிந்தது. கடலுக்கே போயிருப்பாள், மேலே ஒரு வலை வந்து விழுந்தது, அதன் ஓரத்து ஈயக்குண்டு நெற்றியைக் கிழித்தது, அவ்வளவுதான் நினைவு. கண் விழித்தது ஆஸ்பத்திரியில். வீசியவர் யாரென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. போய் விசாரிக்கலாமென்றால் அந்தப் பக்கம் கால் எழவேண்டுமே! உயிரைத் திருப்பித் தந்த மனிதருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற குறை மட்டும் அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

போன மாதம் பூவாறு ஜெம்மா கண்ணாடிக்கு அளவு கொடுக்க வந்தார். வாய் ஓயாத அம்மா.

“எனக்க வீட்டுக்காரரு கில்பர்ட்டு, பொழியில ஒரு பொண்ணையே வலைவீசிப் பிடிச்ச ஆளாக்கும்!”

ஸ்ரீகலா அளவுகோலைக் கீழே வைத்தாள். முடியை ஒதுக்கித் தழும்பைக் காட்டினாள்.

“எனக்க மாதாவே!” என்று ஜெம்மா அவளைக் கட்டிக்கொண்டார். “வீட்டுக்கு வா மக்கா. ஆனா நன்றி கின்றின்னு தொடங்கினா அந்த ஆளு எழும்பிப் போயிருவாரு, பாத்துக்க.”

அவளை வெளியே எடுக்க அன்று வலையை அறுக்க வேண்டி வந்ததாம். அதனால் ஞாயிற்றுக்கிழமை புது வலையோடு போய் இறங்கினாள். கில்பர்ட் அதை உதறிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஏட்டி ஜெம்மா, இங்க வா! ஒரு குண்டுகூட இல்ல. இத வீசினா பறந்து போயித் தென்னையில கெடக்கும்!”

மீனே வாங்கியறியாத சைவ வீட்டுப் பெண் வலை வாங்கினால் இப்படித்தான். ஸ்ரீகலாவுக்கு முகம் செத்துவிட்டது.

“அண்ணா, அன்னைக்கு நீங்க மட்டும் இல்லேன்னா...”

கில்பர்ட் சட்டென்று எழுந்து பின்புறம் போய்விட்டார். அவளும் விடாமல் பின்னால் போனாள். அங்கே அந்தப் பழைய வலை பாகற்கொடிக்குப் பந்தலாகக் கிடந்தது, ஓரமெல்லாம் ஈயக்குண்டுகளோடு.

“மனுசர எடுத்த வலைய மீனுக்கு வீச எனக்கு மனசு வரல்ல. பாகலுக்குக் குடுத்தேன். குண்ட அவுத்து ஒனக்க வலையில கோப்போம், இரி.”

மூவரும் உட்கார்ந்து கோத்தார்கள். ஒவ்வொரு குண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் ஸ்ரீகலா.

“இதுல எது அண்ணா என்னைக் கிழிச்சுது?”

“ஒண்ணு கிழிச்சுது. மத்ததெல்லாம் சேந்துல்லா ஒன்னயப் பிடிச்சுது!”

வெயில் தாழ்ந்ததும் வலையை வீசிப் பார்க்கப் பூங்காவுக்குப் போனார்கள். ஏறிவந்த கடல் ஆற்றோடு மோதி இரைந்தது. ஸ்ரீகலா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கில்பர்ட் ஆற்றுப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி இறங்கி, தண்ணீர் அடங்கிய இடமாகப் பார்த்து வலையை வீசினார். அது வட்டமாக விரிந்து விழுந்து மூழ்கியது. அவர் இழுக்கத் தொடங்கினார்.

வலையைப் பாதியில் விட்டுவிட்டு இப்போது எங்கே ஓடுவார்? ஸ்ரீகலா இரைச்சலுக்கு மேல் கத்தினாள்.

“அண்ணா! நான் உயிரோட இருக்கேன்! உங்களாலதான் இருக்கேன்!”

கில்பர்ட் திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கேட்டாச்சு மக்கா. வலை கனக்குது, வந்து கயிறப் பிடி.”

ஸ்ரீகலா கம்பியை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு இறங்கினாள்.